முகாமிலிருந்து வந்த பட்டியல்

கேள்வி: உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், ஒரு நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை. பன்னிரண்டு தொண்டூழியர்கள் சேர்ந்து, பங்களாதேஷின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாமில் உள்ளூர் அமைப்பு ஒன்று நடத்தும் பெண்கள் மையத்துக்கு உதவி வருகிறோம். அங்கிருந்து மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் கோப்பு வரும். 640 குடும்பங்களின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஐநா அட்டை எண், கைபேசி எண், புளோக், பிள்ளைகள் எண்ணிக்கை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஒரே பெயர் பலமுறை வருகிறது. பாதிப் பேர் ஜனவரி 1 அன்று பிறந்ததாக இருக்கிறது. இதைச் சீர்செய்து, குழுவினர் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். நன்கொடையாளர் ஒருவர் முழுப் பட்டியலையும் கேட்கிறார். சென்ற மாதக் கோப்பில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் நடக்கும் வன்முறை பற்றிக் 'குறிப்பு' கட்டத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த நான்கு வரிகளிலிருந்து தொடங்குவோம். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம்.

அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். "இதைப் பாருங்கள், என்ன செய்யலாம்?" என்று குழுவில் கேட்பதற்காகக்கூட வேண்டாம். மையத்தின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். தாம் சொன்னது எழுதப்பட்டது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா, அவர் உதவி கேட்டாரா, உதவி எங்கே கிடைக்கும் என்று அவரிடம் சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் பணிபுரியும் சேவைகள் அந்த முகாம்களில் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்தைச் சொல்லி, அவர் விரும்பினால் கூடவே அழைத்துப் போவது களப்பணியாளரின் வேலை. போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. பிறகு அந்த வரிகளை உங்கள் கோப்பிலிருந்து நீக்குங்கள். கோப்பைப் பெற்ற மற்றவர்களும் நீக்கிவிட்டார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அதே வரிசையில் ஒரு கைபேசி எண் இருக்கிறது. முகாமில் ஒரு கைபேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்வது சாதாரணம். இங்கே மனம் பதைத்த ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த எண்ணை அழைத்தால், எடுப்பவர் கணவராகவும் இருக்கலாம். அகதிகள் பாதுகாப்புப் பணியில் நான் கண்ட தீங்குகளில் பல, கெட்ட எண்ணத்தால் நடந்தவை அல்ல.

எழுதிய களப்பணியாளரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கேட்டதைச் சுமக்க முடியாமல், கையில் இருந்த ஒரே காலிக் கட்டத்தில் அவர் எழுதியிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கட்டமே இல்லாமல் செய்துவிடுங்கள். எதற்கு உங்களால் உதவ முடியாதோ அதைக் கேட்டு எழுதாதீர்கள் என்பது இந்தத் துறையில் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது.

இனி மற்ற கட்டங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டிக் குழுவிடம் கேளுங்கள்: இதை வைத்துச் சிங்கப்பூரில் நாம் எடுக்கும் முடிவு என்ன? பெயரை வைத்து எதுவும் இல்லை. தந்தை பெயர், அட்டை எண், கைபேசி எண் எதற்கும் பதில் வராது. எத்தனை குழந்தைகளுக்கு உடை, எந்த வயதினருக்கு என்ன பொருள், எத்தனை குடும்பங்களுக்குப் பணம் போதும் என்பவைதாம் நீங்கள் இங்கே முடிவுசெய்பவை. அதற்கு ஒரு குறியீட்டு எண், வயது வரம்பு, பிள்ளைகள் எண்ணிக்கை, பெற்றுக்கொண்ட உதவி ஆகிய நான்கும் போதும். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் மையத்திலேயே, ஒருவர் அல்லது இருவர் பொறுப்பில் இருக்கட்டும். உங்களுக்கு வரவே கூடாது.

அப்படிச் செய்தால் நீங்கள் கேட்ட சீர்செய்யும் வேலையில் பெரும்பகுதி இல்லாமலே போய்விடும். அது நல்லதுதான். ரோஹிங்கியா மக்களிடையே குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை; ஒரே பெயர் பலருக்கு இருக்கும்; அதையே மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவது பல முகாம்களிலும் உள்ள வழக்கம். நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. நம் தாத்தா பாட்டிகள் பலருக்குப் பிறந்த தேதியைப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர்தான் முடிவுசெய்தார். இந்த நிலையில் ஒரே பெயரும் ஒரே தேதியும் இருப்பதைப் பார்த்துக் கணினி இரண்டு பெண்களை ஒருவராக்கிவிட்டால், ஒருத்திக்கு அந்த மாதம் எதுவும் கிடைக்காது. ஒருவரை இருமுறை எண்ணினால் சில சோப்புக் கட்டிகள் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். எனவே இரட்டைப் பதிவுகளை முகத்தைப் பார்த்துப் பேசக்கூடியவர்கள் அங்கேயே தீர்க்கட்டும்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். முகாம்கள் புளோக்குகளாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் மாஜி என்ற தலைவர் உண்டு. 'இந்த புளோக், கணவர் இல்லை, ஆறு பிள்ளைகள், ஒரு பிள்ளைக்குக் காது கேளாது' என்று எழுதினால், பெயரே இல்லாவிட்டாலும் அங்குள்ள சிறுபிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். புளோக் விவரம் உங்களுக்கு வேண்டாம். முகாமின் எண்ணே போதும்.

ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கக்கூடும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. வாக்களிக்கத் தயாரித்த பட்டியல், வீடு எரிக்க வழிகாட்டியது. அந்தக் கலவரத்தில் தப்பி வந்தவர்களின் உறவினர்கள் சிராங்கூன் சாலையில் நம்மோடு நடக்கிறார்கள்; இதை அவர்களிடம் விளக்க வேண்டியிருக்காது.

ரோஹிங்கியா மக்களுக்கும் பட்டியல் என்பது வெறும் காகிதம் அல்ல. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை மியன்மாரில் நாடற்றவர்களாக்கியது. அதன் பிறகு வீட்டுப் பட்டியல் சரிபார்ப்பு என்ற பெயரில் அதிகாரிகள் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 2017 ஆகஸ்ட்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டினார்கள். 2018இல் ஐநா அகதிகள் அமைப்பும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து அவர்களைப் பதிவுசெய்தன. 2018க்கும் 2021க்கும் இடையில் குறைந்தது 830,000 பேரின் விவரங்களை, விரல்ரேகை போன்ற உடல் அடையாளங்களோடு, பங்களாதேஷ் அரசு மியன்மார் அரசுக்கு அளித்தது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. திரும்பிச் செல்லத் தகுதி பார்ப்பதற்காக அனுப்பப்பட்டவை அவை. எந்த அரசிடமிருந்து ஓடிவந்தார்களோ அதே அரசிடம்! உதவி அட்டைக்காகத்தான் பதிகிறோம் என்று நினைத்ததாக அகதிகள் கூறினார்கள். அவர்களுக்குக் கொடுத்த ரசீது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது என்றும் அறிக்கை சொன்னது. ஐநா அமைப்போ இதை மறுத்து, தாங்கள் விளக்கிச் சொல்லியே ஒப்புதல் பெற்றதாகக் கூறியது. இரு தரப்பையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: உணவுக்கு வரிசையில் நிற்பவரிடம் வாங்கும் 'ஆம்' எதற்கும் ஆதாரமாகாது. உங்கள் மையத்திலும் எதற்காக எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்பதை அவர்களுடைய மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விவரம் தர மறுத்தாலும் உதவி நிற்காது என்பதையும் சொல்லி, சொன்னபடி நடக்க வேண்டும்.

எக்செல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கைதேர்ந்தவர்களே இங்கு அதிகம் தவறுகிறார்கள். கட்டத்தை மறைப்பது அழிப்பது ஆகாது. பெறுபவர் இரண்டு சொடுக்கில் வெளியே எடுத்துவிடலாம். 'தாளைப் பாதுகாத்தல்' என்ற வசதி கைதவறித் திருத்துவதைத் தடுக்கிறதே தவிர, எதையும் பூட்டுவதில்லை. கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி வைத்தால்தான் உள்ளடக்கம் மறையாக்கம் பெறும், அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாறும். தரவைத் தொகுத்துக் கூட்டுத்தொகை காட்டும் பிவட் அட்டவணை இன்னும் மோசம். மூலத் தாளை நீக்கிவிட்டு வெறும் கூட்டுத்தொகையை மட்டும் அனுப்புகிறோம் என்று நினைப்போம். மூலத் தரவின் நகல் அந்த அட்டவணைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் ஏறத்தாழ 150 பேர் விவரம் என்று நினைத்து ஒரு கோப்பை வெளியே அனுப்பினார். தாலிபான்களிடமிருந்து தப்ப பிரிட்டனிடம் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த சுமார் 19,000 ஆப்கானியர்களின் விவரங்கள் அதற்குள் மறைந்திருந்தன. அதன் ஒரு பகுதி 2023 ஆகஸ்ட்டில் ஃபேஸ்புக்கில் தென்பட்ட பிறகுதான் விஷயம் அவர்களுக்கே தெரியவந்தது. வெளியே அனுப்புவதாக இருந்தால் புதிய கோப்பைத் திறந்து, எண்களை மட்டும் ஒட்டி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள். செய்தி போகும் வழி மறையாக்கம் பெற்றிருப்பது உண்மை. ஆனால் வந்து சேர்ந்த கோப்பு பன்னிரண்டு கைபேசிகளில் தங்கிவிடுகிறது, இணையத்தில் சேமிக்கப்படும் மேகக் காப்புப்பிரதிக்கும் போகிறது. அந்தப் பிரதியைத் தனியாக மறையாக்கம் செய்யும் வசதியைப் பெரும்பாலோர் இயக்கியிருப்பதில்லை. மனிதாபிமானப் பணிக்கென்றே உருவான கோபோ டூல்பாக்ஸ் போன்ற படிவக் கருவி உங்களுக்குப் பொருந்தும். இணையம் இல்லாமலே கைபேசியில் நிரப்பலாம். காக்ஸ் பஜாரில் இது முக்கியம், 2019 செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு அங்கே அதிவேக இணையம் முடக்கப்பட்டிருந்தது. படிவத்தையே மறையாக்கம் செய்யவும் முடியும். ஆனால் அதைத் திறக்கும் சாவி தொலைந்தால் தரவு போனதுதான், யாராலும் மீட்க முடியாது. சாவியை மையத்தில் ஒருவரிடமும், வேறோர் இடத்தில் நம்பகமான இன்னொருவரிடமும் வையுங்கள். படிவம் நிரப்பும் இடத்தையும் கைபேசியின் அடையாள எண்ணையும் கேட்காமலே பதியும் அமைப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

பெரிய அமைப்புகளிடம் கொடுத்தால் பாதுகாப்பாக இருக்குமே என்றும் எண்ணிவிட வேண்டாம். 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சேவையகத்தில் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. போரிலும் புலம்பெயர்விலும் உறவுகளைத் தொலைத்தவர்கள் உட்பட 515,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஊடுருவியவர்கள் கைக்கு எட்டின. உரிய நேரத்தில் போடாமல் விட்ட ஒரு மென்பொருள் திருத்தமே அவர்களுக்கு வாசலாயிற்று.

சிங்கப்பூர் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலையில் வியட்னாமியப் படகு மக்களுக்காக 1978இல் திறந்த முகாமும் 1996இல் மூடப்பட்டது. அதனால் அகதிகள் தரவு நம் ஊர்ச் சட்டத்துக்குள் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலுக்கு உரியவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. பதிவுபெறாத குழுவையும் அது அமைப்பாகவே கருதுகிறது. ஊழியர் என்ற சொல்லில் தொண்டூழியரும் அடக்கம். தகவல் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பது கட்டாயம். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு அது என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பில் 640 குடும்பங்கள் இருக்கின்றன. கடைத்தொகுதிக் குலுக்கலுக்கு அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது என்று 2019 செப்டம்பர் 1 முதல் நமக்குக் கிடைத்த பாதுகாப்பை நாம் வரவேற்றோம். அவர்களுடைய ஐநா அட்டை எண்ணுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

நன்கொடையாளரிடம் மறுப்பதற்குத் தயங்காதீர்கள். அவருக்கு வேண்டியது பணம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. எத்தனை குடும்பங்கள், என்ன பொருள், கொள்முதல் ரசீது, மையத்தின் கணக்கு ஆகியவற்றைக் கொடுங்கள். சிறிய எண்ணே ஆளைக் காட்டிவிடலாம் என்பதால், அட்டவணையில் பத்துக்குக் குறைவான எண் வரும் இடங்களை 'பத்துக்கும் குறைவு' என்று எழுதுங்கள். நேரில் சரிபார்க்க விரும்பினால், மையத்துக்குத் தொடர்பில்லாத கணக்காய்வாளர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து சில பதிவுகளைப் பார்க்கலாம்; நகல் எடுக்காமல். இதற்கும் சம்மதிக்காத நன்கொடையை நான் ஒருமுறை திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த மாதம் கடினமாகத்தான் இருந்தது. இன்றும் அதையேதான் சொல்வேன்.

மறந்துவிடாதபடி இன்னொன்று. கோப்புகள் இவ்வாறு மாறிய பிறகும் மையத்தில் காகிதப் பதிவேடு இருக்கும்; அதன் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும் பழக்கமும் இருக்கும். பதிவேட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டியும், காகிதத்தைத் துண்டாக்கும் கருவியும் வாங்க அடுத்த மாதப் பணத்தில் ஒதுக்குங்கள். வெள்ளமோ தீயோ வந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது, எதை அழிப்பது என்று மையத்துப் பெண்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய கோப்புகளை அழிக்கும்போது வாட்ஸ்அப், பதிவிறக்கக் கோப்புறை, மின்னஞ்சல், குப்பைத்தொட்டி, காப்புப்பிரதி என்று ஐந்து இடங்களிலும் தேடுங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே மாலையில் ஒன்றாக உட்கார்ந்து செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.