புளிக்கு பதிலா 120 வேட்டை நாய் – தண்டவாளத் தாத்தா பதில்கள்

பழைய ரயில்வே காகிதங்களை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்துறப்ப வந்த கூத்துகளை எழுதி அனுப்புங்கன்னு போன மாசம் கேட்டிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து மட்டும் ஒரு பை நிறைய லெட்டர் வந்திருக்கு. குட்ஸ் ஆபீஸ்ல கிளார்க்கா காலத்தை ஓட்டுன ஆளு நான், இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு ரெண்டு நாளா சோறே இறங்கல, சிரிப்புதான்.

தாத்தா, ஒரு பழைய இங்கிலீஷ் ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணேன். மொரப்பூர்ல "120 ஹவுண்ட்ஸ் புளி" ஏத்துனாங்கன்னு வருது. வேட்டை நாய்க்கும் புளிக்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, மொரப்பூர்

ஒரு சம்பந்தமும் இல்ல கண்ணு. அது "மௌண்ட்ஸ்". மை மங்கிப்போன பெரிய எம் எழுத்தை ஹெச்சுன்னும், பக்கத்துல இருக்கற ஏ எழுத்தை ஓன்னும் மெஷின் படிச்சிருக்கு, அவ்ளோதான். ரயில்வே மௌண்டுன்னா 40 சேர், கிட்டத்தட்ட 37 கிலோ, அப்ப 120க்கு நாலரை டன் புளி. ஆனா இதை நம்மூரு மணங்குன்னு நினைச்சு கணக்கு போட்றாதே, பழைய மெட்ராஸ் மணங்கு வெறும் 25 பவுண்டு, 11 கிலோ சொச்சம்தான். பேரு ஒண்ணு எடை வேற, இதுல மெஷினை குத்தம் சொல்ல முடியாது. அதே பக்கத்துல "காட்ஸ் ஷெட்"டுன்னு வந்துச்சுன்னு எழுதியிருக்க பாரு, குட்ஸ்ல ஒரு ஓ எழுத்து உதிர்ந்து போச்சு, கடவுள் எல்லாம் மொரப்பூர் ஷெட்ல மூட்டையோட மூட்டையா இறங்கிட்டாங்க.

எங்க அப்பா ரயில்வேல இருந்தவர். அவர் பெட்டில இருந்த ஒரு பழைய ரிப்போர்ட்டை டெக்ஸ்ட்டா மாத்தி ஒரு கட்டுரையே எழுதிட்டேன், ஒன்பதாவது மைல்ல இன்ஜினை "டிடெயில்" பண்ணாங்கன்னு. இப்ப ஒருத்தர் அது தப்புங்கறார். ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு?
– வாசகர், தர்மபுரி

தம்பி, ஸ்பெல்லிங் சரியா இருக்கறதுதான் இங்க சிக்கலே. அது "டிரெயில்ட்", இன்ஜின் தடம் புரண்டிருக்கு! ஆர் எழுத்தோட தலை கொஞ்சம் அழிஞ்சா டி மாதிரி தெரியும், மெஷின் உள்ள ஒரு அகராதி வச்சிருக்கு, டிடெயில்ட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாக்கும், இருக்கு, அப்ப சரிதான்னு விட்டுடும். இன்னொரு கொடுமை, ரயில்வேல நிஜமாவே "இன்ஜினை டிடெயில் பண்ணாங்க"ம்போம், ட்யூட்டிக்கு போட்டாங்கன்னு அர்த்தம். அதனால படிக்கிற நமக்கும் சந்தேகம் வராது, குப்புற விழுந்து கிடந்த இன்ஜினை நீங்க வேலைக்கு அனுப்பிட்டீங்க. ரிட்டர்ன் டிக்கெட்டு "ரிட்டம்"னு வரும், ஆரும் என்னும் ஒட்டி நின்னா எம் ஆயிடும், அதைப் பாத்த உடனே யாரும் புடிச்சுடுவாங்க. சிரிப்பு வர்ற தப்பு நல்ல தப்பு தம்பி, சிரிப்பே வராத தப்புதான் கட்டுரை வரைக்கும் போயிடுது. எனக்கும் 3ங்கறது 8 ஆகி ஒரு தடவை மானம் போயிருக்கு, அதை இங்க எழுத மாட்டேன். வருஷம், மைல், ரூபாய் இந்த மூணும் வர்ற இடத்துல ஸ்கேன் படத்தைப் பெருசு பண்ணி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க, வேற குறுக்கு வழி கிடையாது.

தாத்தா, பழைய புக்கு ஒண்ணுல "திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ரயில்வே"ன்னு வந்துச்சு. எங்க ஊர்ல ஏது ஸ்டேஷன், இது மெஷின் தப்புன்னு எம் பையன் அழிச்சுட்டான். சரிதானே?
– இல்லத்தரசி, கிருஷ்ணகிரி

ஐயோ அம்மா, உடனே திரும்பப் போடச் சொல்லுங்க! மெஷின் சரியா படிச்ச ஒரே வரியை தம்பி அழிச்சுட்டான். 1905ல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு குட்டி ரயில் ஓட ஆரம்பிச்சுது, 1936ல மூடிட்டாங்க. மறு வருஷமே, 1906ல, மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு இன்னொண்ணு, அதை 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டுனாங்க, அதுவும் போர்க்காலத்துல 1941ல போச்சு. இன்னிக்கு கிருஷ்ணகிரிக்காரங்க ரயில் ஏறணும்னா வேற ஊருக்கு பஸ் புடிக்கணும், அதனால உங்க பையன் நம்பாததுல தப்பில்ல. தண்டவாளம் போச்சு, காகிதத்துல மட்டும்தான் இருக்கு, அதையும் நாமளே அழிச்சா எப்படி? நம்மூர் பேரை வெள்ளைக்காரன் "கிஸ்ட்னகெர்ரி"ன்னு வேற எழுதுவான், போன வருஷம் ஒருத்தர் அனுப்புன டெக்ஸ்ட்ல அது "கிச்சன் செர்ரி"ன்னு வந்திருந்துச்சு. மாம்பழ ஊருக்கு செர்ரி, பரவால்ல.

அந்த குட்டி ரயிலோட பாதை "26 கேஜ்"ன்னு வருது, 26 அடியா? அப்புறம் சரக்கு கட்டணத்தை எக்ஸெல்ல போட்டேன், எல்லாம் தேதியா மாறிடுச்சு தாத்தா.
– ஐடி ஊழியர், ஓசூர்

26 அடி அகலத்துல ரயில் வந்தா தர்மபுரி நாலு ரோட்டையே அடைச்சுக்கும்பா. அது 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீட்டர். அடிக்கும் அங்குலத்துக்கும் மேல போடற சின்ன கோடுகளை மெஷின் தூசின்னு நினைச்சு துடைச்சுடும். மெயின் லைன் அஞ்சரை அடி, இது ரெண்டரை அடி, அதனாலதான் மொரப்பூர்ல எல்லா மூட்டையும் இந்த வண்டில இருந்து இறக்கி அந்த வண்டில ஏத்தணும். கட்டணம் 1-4-6ன்னு இருந்தா ஒரு ரூபா நாலணா ஆறு பை, பைங்கறது அந்தக் காலத்து சில்லறைக் காசு, அணாவுக்கு 12. எக்ஸெல்லுக்கு அணா தெரியுமா, அது 2006 ஏப்ரல் 1ங்கும். முட்டாள்கள் தினம், யாரு முட்டாள்னு நான் சொல்லல. ஒட்டறதுக்கு முன்னாடி எக்ஸெல்ல அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டுன்னு மாத்திட்டு ஒட்டு.

பழைய தமிழ் நோட்டீஸ்ல "உஅ கட்டை"ன்னு வருது, அது என்ன கட்டை?
– விவசாயி, காரிமங்கலம்

28 கட்டைங்க. தமிழ் எண்ல ௨ அப்படியே உ மாதிரி இருக்கும், ௮ அப்படியே அ மாதிரி. ௧ வந்து க, ௭ வந்து எ, நாம கண்ணால பாத்தாலே குழம்புவோம், மெஷின் பாவம். அதோட 1978க்கு முந்தின அச்சுன்னா லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு நிக்கும், அதைப் பாத்ததும் மெஷின் பயந்துபோய் என்னத்தையாவது எழுதும். ர எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாம ரயிலையே தொடக்கத்துல கால் மட்டும் நிக்க வச்சுடும். படத்தை கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸ்ல திறந்து பாருங்க, தமிழ் ஓரளவு நல்லா வரும், ஆனா ஸ்கேன் 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, குறையாம இருக்கணும், ராத்திரி லைட் வெளிச்சத்துல செல்போன்ல சாய்ச்சு எடுத்துட்டு மெஷினை திட்டாதீங்க.

எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதுல இருந்து ராத்திரி பூரா இந்த ஸ்கேன் வேலைதான். தனியா உக்காந்து சிரிக்கிறார், பயமா இருக்கு தாத்தா.
– வாசகி, பாலக்கோடு

பயப்படாதீங்கம்மா, அவர் நல்லாத்தான் இருக்கார். நீங்க பக்கத்துல உக்காந்து மெஷின் எழுதுனதை சத்தமா படிங்க, அவர் பழைய காகிதத்தைப் பாத்துக்கிட்டே வரட்டும், அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாக்கறவங்க காலங்காலமா பண்ற வேலைதான் அது. பாதி நேரத்துல முடிஞ்சிரும், சிரிக்கவும் துணை ஆச்சு. உங்க லெட்டரையும் நாங்க ஸ்கேன் பண்ணித்தான் எடுத்தோம், ஊர் பேரு பாலக்காடுன்னு வந்துச்சு, கேரளால இருந்து யாரோ நம்ம வீட்டுக்காரரை பத்தி எழுதறாங்களேன்னு ஆபீஸ்ல ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தோம்.