தூர தேசங்களைப் பற்றிய நூல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நல்லூர்): பிறநாட்டுப் பண்பாட்டையும் வரலாற்றையும் அறிய முதலில் எந்த நூலை வாசிக்கலாம்?

அந்நியர் ஒருவர் எங்கள் நாட்டைப் பற்றி எழுதிய நூலிலிருந்து தொடங்குங்கள். அவர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே வழுக்கினார் என்பதை உங்கள் சொந்த அறிவைக்கொண்டே அளக்கலாம். அந்த அளவுகோல் பிறகு எந்தத் தேசத்து நூலுக்கும் உதவும். 1660இல் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு 1679இல் தப்பிய ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும் சீவித்தவர். ஆகையால், 1681இல் வெளிவந்த அவரது நூலில் வயலையும் வீட்டையும் பற்றிய பகுதிகளை நான் பெரிதும் நம்புகிறேன்; அரண்மனைச் செய்திகளை அதே அளவுக்கு நம்புவதில்லை. எழுதியவர் கண்டாரா, கேட்டாரா, எந்த மொழியில் கேட்டார் என்பதை விசாரிக்காமல் எந்நூலையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி (சுன்னாகம்): சீன யாத்திரிகர் சுவான்சாங் இலங்கையைப் பற்றி எழுதியதை நம்பலாமா?

அவர் இங்கு வரவில்லை, கேட்டதையே எழுதினார். வந்து இரண்டு ஆண்டுகள் தங்கியவர் அவருக்கு முந்திய சீனத் துறவி பாகியான்.

கேள்வி (சாவகச்சேரி): மொரோக்கோப் பயணி இப்னு பதூதா நல்லூருக்கு வந்தார் என்பது உண்மைதானே?

அவருடைய நூல் அப்படிச் சொல்லவில்லை. 1344இல் யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த நகரை அவர் பத்தாலா என்கிறார். அதைப் புத்தளம் என்றே பொதுவாகக் கொள்வர்.

கேள்வி (கோப்பாய்): யாழ்ப்பாண மன்னரின் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள், ஐயா?

குறைக்கவில்லை. யாழ்ப்பாண மன்னர் புத்தளத்தில் இருந்து முத்துக்குளிப்பை ஆண்டார் என்றால், அவரது அதிகாரம் தெற்கே எவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், பாதமலைக்கு (சிவனொளிபாத மலைக்கு)ச் செல்லத் தமக்குத் துணையாட்களைத் தந்தார் என்றும் விருந்தாளியே பதிவுசெய்திருக்கிறார். நல்லூர் என்ற பெயரை நூலுக்குள் நாமாகச் செருகினால் இந்தச் சான்றின் வலிமையை நாமே இழந்துவிடுவோம்.

கேள்வி (கோப்பாய், மீண்டும்): அப்படியானால் அவர் சொன்ன அனைத்தும் உண்மையா?

இல்லை. ஊர் திரும்பிய பின் அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுசை எழுதி முடித்தது 1355இல். தமஸ்கு, மக்கா வருணனைகளில் முன்னோடியான இப்னு ஜுபைரின் வரிகள் கலந்துள்ளன. கண்டாரா, கேட்டாரா என்பதுடன் பிறர் எழுதியதை எடுத்தாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): முதலில் எந்த நூலை வாசிப்பது?

முதற் பதிலை வாசியுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): யப்பான் செல்ல எவ்வளவு செலவாகும்?

பயண முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): தமிழர் எழுதியவை உண்டா?

உங்கள் அயலிலேயே, கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் 'ஒன்றே உலகம்' இருக்கிறது. போர்த்துக்கேய மொழி அறிந்திருந்ததால், லிஸ்பனில் 1554இல் அச்சான தமிழ் நூலின் அருமையை அவரால் உடனே உணர முடிந்தது. தமிழ்நாட்டு ஏ. கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளையும் தேடி வாசியுங்கள்.

கேள்வி (தெல்லிப்பழை): தொடக்க நூல் ஒன்று கூறுவீர்களா?

இக்கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. நொக்ஸ் கிடைக்காவிடில், 1672இல் அச்சான பால்தேயசின் நூலை எடுங்கள். இங்கு வாழ்ந்த ஒல்லாந்தப் போதகர் அவர். எங்கள் ஊர்களைக் கண்ணாற் கண்டவர், எங்கள் வழிபாட்டை மட்டும் மதமாற்ற நோக்கோடு கண்டவர்.