மலைவீடு வாங்குமுன்: பசுமை வில்லா, மண் கல், வெள்ளைக் கூரை

சீசன் முடிந்து கீழே இறங்கியதும் பலருக்கும் மலையில் ஒரு வீடு வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். அங்கேயே வாழ்கிறவர்களும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் 12 வீடுகள் கொண்ட ‘பசுமை வில்லா’ திட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். பிளாட்டினம் தரத்துக்கு முன்சான்றிதழ் வாங்கியிருக்கிறோம் என்று தாளைக் காட்டினார்கள். சோலார், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் உண்டாம். இந்த மாதத்துக்குள் 15 சதவீதம் கட்டினால் விலையில் தள்ளுபடி. கட்டலாமா? (வாசகர், கோவை)

பதில்: இந்த மாதம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். 15 சதவீதம் கேட்பதே தப்பு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ, அந்தத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். விற்பவர் செல்போனில் காட்டும் படம் போதாது.

அடுத்தது முன்சான்றிதழ். கட்டடம் எழும்பும் முன்பே, வரைபடத்தையும் திட்ட விவரங்களையும் வைத்துக் கொடுப்பது அது. ‘சொன்னபடி கட்டினால் இந்தத் தரம் கிடைக்கக்கூடும்’ என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. கட்டி முடித்த பிறகு ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவதுதான் இறுதிச் சான்றிதழ். நம் நாட்டில் அதிகம் புழங்குபவை இரண்டு: இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-ல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் தரவரிசை, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த ‘கிரிஹா’ நட்சத்திரத் தரவரிசை. உங்களிடம் காட்டியது எது, அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இத்தனை மாதத்துக்குள் இறுதிச் சான்றிதழ் வாங்கித் தரவேண்டும், தராவிட்டால் இவ்வளவு தொகை கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரியை எழுதத் தயங்கினால் அந்தத் தாளின் மதிப்பு உங்களுக்கே புரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தரவரிசைகள் மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள், உள்காற்று என்று மதிப்பெண் போடுபவை. உங்கள் வில்லாவுக்கு மேலே இருக்கும் சரிவு மழைக்குத் தாங்குமா என்று சொல்வது அவற்றின் வேலை இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அது. மலையில் பசுமை வீடு என்றால் முதலில் சரிவையும் தண்ணீர் போகும் வழியையும் கெடுக்காத வீடு. சோலார் எல்லாம் அதற்கப்புறம்.

எனவே வெயில் நாளில் பார்த்தது போதாது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் ஒரு மழை நாளில் போங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவர் இருக்கும். அதில் வரிசையாகத் தண்ணீர் கசியும் துளைகள் இருக்க வேண்டும். மழையில் அவற்றிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். சுவர் முழுக்க ஈரம் ஊறி, துளைகள் மட்டும் காய்ந்து கிடந்தால் இன்னும் மோசம்: பின்னால் ஜல்லி போடாமல் வெறும் மண்ணை நிரப்பியிருக்கலாம், அல்லது துளை ஒப்புக்கு வைத்ததாக இருக்கலாம். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், நாலு விரல் ஆழத்தில் முட்டிக்கொள்ளும். சுவரின் நடுப்பகுதி தள்ளியிருக்கிறதா, மேலே தேயிலை வரிசை ஓரிடத்தில் திடீரென்று கீழிறங்கியிருக்கிறதா, பிறை வடிவில் மண் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் விற்பவரிடம் கேளுங்கள்: “என் வீட்டில் எந்தப் பாதி வெட்டிய மண்ணில் நிற்கிறது, எந்தப் பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது?” சரிவைச் சமப்படுத்தும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்பக்கம் கொட்டிப் பரப்புவார்கள். அந்தக் கொட்டிய பக்கம்தான் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும். விலை அதிகமான பால்கனியும் அங்கேதான் வரும். அஸ்திவாரம் கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரை இறங்காவிட்டால், இரண்டு மூன்று மழைக்குள் சுவரில் சாய்வாக விரிசல் விழும்.

மழைநீர்ச் சேகரிப்பு என்றார்களே, எப்படிச் சேகரிக்கிறார்கள்? 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. சமவெளியில் உறிஞ்சுகுழி அருமையான ஏற்பாடு. சரிவில் வீட்டுக்கு மேல்புறம் குழி தோண்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால், சரியக் காத்திருக்கும் மண்ணின் பாரம்தான் கூடும். மலையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், நிரம்பி வழிவதைக் குழாய் வழியாக ஓடையில் கொண்டுபோய் விட வேண்டும். தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ‘குழி இருக்கிறது சார்’ என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

ஆவணங்கள் தனி. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமமா, வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை தடையின்மைச் சான்றுகள் இருக்கின்றனவா, பொக்லைன் வைத்து மண் வெட்ட அனுமதி வாங்கினார்களா என்று கேட்டு, நகல்களை வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர்தான் வரம்பு. சாலையில் நின்று பார்த்தால் இரண்டு மாடி மாதிரி தெரியும்; பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் நான்கு இருக்கும். இறங்கி எண்ணிப் பாருங்கள், ஒப்புதல் வாங்கிய வரைபடத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று.

கேள்வி: ஊட்டியில் தகரக் கூரை வீடு. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் மின்செலவு குறையும் என்கிறார் கடைக்காரர். (வாசகி, ஊட்டி)

பதில்: வேலூருக்கும் திருச்சிக்கும் சரி. 2,240 மீட்டர் உயரத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் காசு கொடுத்து ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? பசுமைக் கட்டடம் என்று விற்கப்படும் பொருள்களில் பாதி சமவெளியின் வெக்கையை மனதில் வைத்துச் செய்தவை. ஒழுகலுக்கு அடிக்கும் பூச்சு வேறு, அது தேவையென்றால் அடியுங்கள்.

அதே பணத்தில் தகரத்துக்கு அடியில் வெப்பத்தடுப்புப் பலகை வைத்து ஒரு சீலிங் போடுங்கள். கதவு, ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்போ கணப்புச் சட்டியோ வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது ஆளைக் கொல்லும். வெயில் ஏறிய பிறகு நடுப்பகலில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவரில் பூஞ்சை பிடிக்காது.

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சின்ன வீடு கட்டப்போகிறோம். செங்கல் கீழிருந்து வரவேண்டும். எங்கள் மண்ணையே அழுத்திக் கல் செய்தால் செலவு குறையுமா? மழைக்கு நிற்குமா? (வாசகர், பெருமாள்மலை)

பதில்: நிற்கும், மண்ணைச் சோதித்துவிட்டு இறங்கினால். மேல்மண் கறுத்து இலைமக்கு கலந்திருக்கும், அது உதவாது. அதற்கடியில் இருக்கும் சிவப்பு மண்தான் வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். களி அதிகமென்றால் மணல் சேர்க்க வேண்டியிருக்கும். மலையில் மணலுக்கும் லாரி வாடகை உண்டு, கணக்குப் போடும்போது அதை மறந்துவிடுகிறார்கள். சிமென்ட் பொதுவாக 5 முதல் 8 சதவீதம் கலப்பார்கள். அழுத்தி எடுத்த கல்லை முதல் சில வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்துப் பதப்படுத்த வேண்டும். சூளை விறகு இல்லை, மலைப்பாதை லாரி நடை குறைவு, லாபம் அங்கேதான். கூலியில் லாபம் எதிர்பார்க்காதீர்கள்.

செய்த கல்லை வாங்குவதானால், மண் கல்லுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1725-இன்படி சோதித்த அறிக்கை கேளுங்கள். அது இல்லையென்றால் நாமே ஒன்று செய்யலாம்: நாலைந்து கல்லை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்கப் போட்டு, காலையில் எடுத்து ஓரத்தை ஆணியால் கீறுங்கள். லேசாகக் கோடு விழுந்தால் போதும். சேறாகக் குழைந்து வந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

சுவரின் அடிப்பகுதி ஒன்றரை அடிக்குக் குறையாமல் கருங்கல்லாக இருக்கட்டும். கூரை இரண்டடியாவது வெளியே நீளட்டும். சாரல் அடிக்கும் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு நல்லது. அப்புறம், கல்லுக்கு மண் வேண்டும் என்று சரிவின் அடிவாரத்தில் கை வைக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு எடுக்கும் மண் எவ்வளவோ, அவ்வளவு கல் போதும். மீதிச் சுவரை வேறு எதிலாவது கட்டிக்கொள்ளலாம். மேஸ்திரிக்குப் பழக்கமில்லை என்றால் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் பயிற்சி தருகிறார்கள்.

கேள்வி: சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்க வேண்டும். மதுரைக் கடைக்காரர் தட்டு வகைதான் நீடித்து உழைக்கும் என்கிறார். மஞ்சு மூடும் ஊரில் சோலார் கரன்ட் போடுவதும் வீண்தானா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: மதுரைக்கு அவர் சொல்வது சரி. தட்டு வகை, கண்ணாடிக் குழாய் வகை என்று இரண்டு உண்டு; உறைபனி இல்லாத ஊரில் தட்டு வகை நீடித்து உழைக்கும். உங்கள் ஊர்க் கதை வேறு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் தட்டுக்குள் ஓடும் செப்புக் குழாயில் நீர் உறைந்து வெடிக்கலாம். கண்ணாடிக் குழாய் வகையில் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் குளிர் சட்டென்று உள்ளே இறங்காது. எனவே குழாய் வகை வாங்குங்கள். தட்டுதான் வேண்டுமென்றால், உறையாத திரவம் தனியாகச் சுற்றும் மாடலாகக் கேளுங்கள். தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய்க்கு உறை போட மறக்காதீர்கள். குரங்குத் தொல்லை உள்ள தெருவென்றால் மேலே கம்பிவலையும் வேண்டும்.

மஞ்சைப் பார்த்துச் சோலார் கரன்டை ஒதுக்க வேண்டாம். சூரியனை ஆராய 1899-ல் ஆய்வகம் அமைத்த ஊர் உங்களுடையது! பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு கூடினால் அதன் உற்பத்தி குறையும். அந்த வகையில் குளிர் ஊருக்கு லாபம். ஆனால் மழை மாதங்களில் குறையத்தான் செய்யும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மரநிழல் விழும் கூரை என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். பேனலுக்காக மரத்தை வெட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு சுலபமாக விடாது.

கேள்வி: சமையல் கழிவில் கேஸ் தரும் சின்னக் கலன் குன்னூரில் பயன்படுமா?

பதில்: கோடையில் ஓரளவு. சாணத்திலும் கழிவிலும் உள்ள நுண்ணுயிர்கள் 30 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குளிர்மாதங்களில் கேஸ் மிகவும் குறைந்துவிடும். மூடி இறுகப் பூட்டும் உரத்தொட்டி போதும். திறந்த குழி வேண்டாம், வாசனைக்குக் கரடி வரும்.

கேள்வி: நாலு வருடம் முன்பு ஊட்டி அருகே ‘சூழலுக்கு உகந்த’ குடியிருப்பில் வீடு வாங்கினோம். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுவோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இயந்திரம் ஒருநாளும் ஓடவில்லை, எல்லாம் ஓடைக்குப் போகிறது. எங்கே புகார் செய்வது? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி அதனால் நட்டம் என்றால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்கலாம். கட்டுமானக் குறையும் சேவைக் குறையும் சாவி வாங்கிய ஐந்து ஆண்டுக்குள் தெரிவிக்கப்பட்டால், 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. உங்களுக்கு இன்னும் ஓராண்டுகூட முழுதாக இருக்காது. எனவே இந்த வாரமே குறையை விவரித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது எப்போதிலிருந்து ஓடுகிறது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

பொய்யான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ‘சூழலுக்கு உகந்தது’ என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டியது சொன்னவர் பொறுப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழிலும் பேசலாம். ஓடைக்குக் கழிவுநீர் போவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கான தனிப் புகார். அதைக் குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். பழைய விளம்பரத் தாள், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், இயந்திர அறையின் மின் மீட்டர் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நாலு வருடமாக யூனிட்டே ஏறாத மீட்டரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.