குளிர்காலப் பறவைகளும் கையில் ஒரு கேமராவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூம் லென்ஸோடு ஒரு கேமரா வாங்கி, தினமும் காலை நடைக்கு எடுத்துப் போகிறேன். கேமராவைத் தூக்குவதற்குள் பறவை பறந்துவிடுகிறது. கிடைப்பதெல்லாம் வாலும் வெறும் கிளையும்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நடக்கிற தூரத்தைக் குறையுங்கள். தினம் ஒரு புதுப் பாதை தேடிப் போவதைவிட, ஒரே பாதையில், ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய்வருகிறவருக்குத்தான் நல்ல படம் அமைகிறது. பறவைகளுக்கென்று பழகிய கிளையும் பழகிய நேரமும் உண்டு. மீன்கொத்தியையே கவனியுங்கள்: தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி ஒன்றில் உட்காரும், சட்டென்று பாயும், மீனோடு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும், வந்ததும் மீனைக் குச்சியில் அடித்து அடித்து அசைவை நிறுத்தி, தலை முதலில் போகும்படி அலகிலேயே திருப்பி விழுங்கும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு துரத்திக்கொண்டு போக வேண்டியதே இல்லை, குச்சிமேல் போகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும்.

அப்புறம், பறவை கிளம்பப்போவது கொஞ்சம் முன்னாலேயே தெரியும். அமைதியாக இருந்தது உடம்பைத் தாழ்த்தும், கழுத்தை நீட்டும், பல நேரம் எச்சமிடும். காற்றை எதிர்த்துத்தான் பெரும்பாலும் எழும்பும் என்பதால், காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படுகிற மாதிரி நின்றுகொண்டால் பறவையின் முகம் உங்கள் பக்கம் வரும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி என்று தொடங்குங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற அளவை, ஆட்டோவில் விட்டுவிடுங்கள். அது கூடினால் படம் புள்ளி புள்ளியாக வரலாம், பரவாயில்லை. புள்ளி புள்ளியாக வந்த படத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அசங்கிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: வெளிச்சம் நன்றாக இருக்கும் கோடைவரை பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே நகர்வதால் ஒளி பக்கவாட்டில் விழும், பறவையின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் தங்கும், படத்துக்கு உயிரே அதுதான். இலை உதிர்ந்த மரத்தில் பறவைக்கு மறைவும் குறைவு. வலசை வந்த வாத்துகள் நீர்நிலைகளில் இருக்கும். சிறு பறவைகள் பல இனமாகக் கலந்து கூட்டமாக இரை தேடிப் போகும் பருவமும் இதுதான், அதனால் ஒன்று கண்ணில் பட்டதும் நகராமல் நில்லுங்கள், பின்னாலேயே மற்றவையும் வரக்கூடும்.

கேள்வி: வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகே தெரியாமல் வெளுத்துப் போகிறது. வானத்துப் பறவையோ கறுப்பு நிழலாக வருகிறது.

பதில்: கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், சிக்கல் அங்கேதான். இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி குறையுங்கள், வெளிர்வானமோ பனித்தரையோ பின்னணி என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு பக்கத்தில் போகலாம்? சிலர் செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்களே?

பதில்: அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று நம்பித்தான் அது பதறி ஓடிவருகிறது. குளிர்கால இரவு நீளம், பகல் குறுகல். அந்தக் குறுகிய பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் ஒரு சிறு பறவை விடியும்வரை உயிரோடிருக்கிறது. குண்டாக, பந்து மாதிரி தெரிகிறதே என்று நாம் ரசித்து எடுக்கிறோமே, அது இறகைச் சிலிர்த்து இடையில் காற்றை அடைத்துக் குளிரைத் தடுக்கிற பறவை. அதை நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் சேமிப்பில் கைவைக்கிறோம். எத்தனை அடி என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. இரை தேடுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்க ஆரம்பித்தால் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், மெல்லப் பின்வாங்குங்கள். பகலில் தூங்கும் ஆந்தை கண்ணில் பட்டால் இடத்தை ஊருக்கெல்லாம் பகிர வேண்டாம். கூட்டம் கூடினால் அது அந்த மரத்தையே விட்டுப் போய்விடலாம்.

கேள்வி: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, வீட்டுக்குள் வந்ததும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்கிறது.

பதில்: மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கக் கட்டி உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும்.

கேள்வி: எடுத்த பறவையின் பெயர் தெரிவதில்லை. சுமாரான படங்களால் யாருக்காவது பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, படத்தையும் குரலையும் வைத்துப் பெயர் சொல்லும். அது சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அலகு, கால், இறக்கைக் கோடு எல்லாம் ஒத்துவருகிறதா என்று நீங்களும் பாருங்கள். பார்த்ததை இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் நாள், இடம், எண்ணிக்கையோடு பதியுங்கள். குளிர்காலத்தில் பறவைகளைச் சுடும் போட்டிக்குப் பதிலாக எண்ணுவோம் என்று 1900இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. பிப்ரவரியில் 4 நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே சேர்ந்துகொள்ளலாம். மங்கலான படத்தையும் பட்டியலோடு இணைத்துவிடுங்கள். இனத்தை உறுதிசெய்யப் பல நேரம் அதுவே போதும்.