ஆணி மூழ்குது, கப்பல் மிதக்குது: கேள்வி பதில்

மிதப்பது, மூழ்குவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். முதலில் அதை முடித்துவிடுவோம்.

கேள்வி: சின்ன ஆணி மூழ்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான டன் கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது?

எடையை மட்டும் பார்த்தால் இது புரியாது. தண்ணீரில் இறங்கும் பொருள் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுங்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அதே அளவு விசையோடு அந்தப் பொருள் மேலே தள்ளப்படும். கிமு 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். ஒரு டன் இரும்புக் கட்டியின் கன அளவு சுமார் 127 லிட்டர். முழுசாக அமிழ்ந்தாலும் 127 கிலோ தண்ணீரைத்தான் ஒதுக்கும். மீதி 873 கிலோவைத் தாங்க ஆளில்லை, மூழ்குகிறது. அதே இரும்பைத் தகடாக்கிப் பெரிய தொட்டி செய்து விடுங்கள். ஆயிரம் கிலோ தண்ணீரை ஒதுக்கும் வரை இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றுவிடும். கப்பலும் இப்படித்தான். அடியில் ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் நிறைந்தால், பழையபடி இரும்புக் கட்டியின் கணக்குக்கு வந்துவிடும்.

கேள்வி: கட்டுமரத்தின் மேல் அலை ஏறி அடித்தாலும் மூழ்குவதில்லையே அண்ணா?

தண்ணீர் நிரம்புவதற்கு அதில் பள்ளமே கிடையாதே தம்பி! கனமில்லாத கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதானே. மரமே தண்ணீரைவிட லேசு என்பதால் கவிழலாம், மூழ்காது. ஆனால் மரம் ஊற ஊறக் கனக்கும். கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்துக் காய வைப்பது அதற்காகத்தான். எல்லா மரமும் மிதக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நல்ல கருங்காலித் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டுப் பாருங்கள், நேராக அடிக்குப் போகும்.

கேள்வி: கிணற்றைவிடக் கடலில் மிதப்பது சுலபம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நன்னீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்றால், உப்பு கரைந்திருக்கும் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. அதே எடையைத் தாங்கக் குறைவாக ஒதுக்கினாலே போதும். கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல் சற்றுக் கூடுதலாக அமிழும். கப்பலின் பக்கவாட்டில், எவ்வளவு அமிழலாம் என்று கடல்நீருக்கும் நன்னீருக்கும் தனித்தனிக் கோடு போட்டிருப்பார்கள். சாக்கடலில் நீர் லிட்டருக்கு 1.24 கிலோ அளவுக்குக் கனம். அங்கே மூழ்க நினைத்தாலும் உடம்பு மேலே வந்துவிடும்.

நம் விவசாயிகள் விதைநெல் தேர்வுக்கு இதையேதான் பயன்படுத்துகிறார்கள். நல்ல முட்டையைத் தண்ணீரில் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே எழும்பி, நாலணா காசு அளவுக்குத் தலை காட்டும். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பொக்கும் அரைகுறையும் மிதக்கும், முற்றிய மணிகள் தங்கும். தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் முளைப்பு கெடும்.

கேள்வி: ஊசி மிதக்கிறதே?

அது வேறு விஷயம். அதைத் தாங்குவது தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேல்பரப்பு மெல்லிய தோல் போல இழுத்து நிற்கும் தன்மை. விரலால் லேசாக அழுத்தினால் போதும், ஊசி மூழ்கிவிடும்.

கேள்வி: மிதக்கும் கல்லில் அதிசயம் ஏதும் உண்டா?

நுரைக்கல் என்று ஒன்று இருக்கிறது. எரிமலைக் குழம்பு நுரைத்த நிலையிலேயே உறைந்தது, உள்ளே எல்லாம் காற்றறைகள். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயின. இதுவே அதிசயம்தான், வேறு காரணம் தேட வேண்டாம். அறைகளில் மெல்ல நீர் புகுந்தால் அதுவும் ஒருநாள் மூழ்கும்.

கேள்வி: குளத்தில் படகில் இருக்கிறேன். படகிலுள்ள பெரிய கல்லைத் தண்ணீருக்குள் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா?

இது எனக்குப் பிடித்த கேள்வி. பெரும்பாலோர் ஏறும் என்பார்கள். இறங்கும்! கல் படகில் இருந்தவரை தன் எடைக்கு எடை தண்ணீரை ஒதுக்கியது. 25 கிலோ கல்லென்றால் 25 லிட்டர். அடியில் கிடக்கும்போது தன் கன அளவை மட்டும்தான் ஒதுக்கும், கருங்கல்லானால் சுமார் 10 லிட்டர். சரி, கல்லுக்குப் பதில் தேங்காயைப் போட்டால்? மட்டம் மாறாது. படகில் இருந்தாலும் தண்ணீரில் மிதந்தாலும் அது ஒதுக்குவது ஒரே அளவுதான்.