பழைய கைக்கடிகாரத்தின் சந்தை மதிப்பைக் கணிப்பது எப்படி?

குடும்பத்தில் வழிவழியாக வந்த கைக்கடிகாரம் இன்று எவ்வளவு பெறும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதன் மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் கண்டறியுங்கள். அவை பெரும்பாலும் பின்மூடியிலோ, பட்டை பொருந்தும் கொம்புகளுக்கு இடையிலோ பொறிக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறக்கும் வேலையைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமே விடுங்கள்.

விலையை மிகுதியும் தீர்மானிப்பது டயல்தான். புதிதாக வண்ணம் பூசப்பட்டுப் பளபளக்கும் டயலைவிட, சற்றே மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் அச்சான எழுத்துகள் அப்படியே இருக்கும் டயலுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருவார்கள். ஒளிரும் பூச்சும் ஒரு சாட்சி: அதை இருளில் ஒளிரச் செய்யும் கதிரியக்கப் பொருளாக, 1960களில் ரேடியத்தின் இடத்தை டிரிடியம் பிடித்தது; டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 12 ஆண்டுகளே என்பதால், அக்காலக் கடிகாரம் இன்றும் இருளில் பிரகாசமாக ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு பின்னாளில் இடப்பட்டது என்றே நான் ஐயுறுவேன். கடிகாரத்தின் உலோக உறையை அதிகமாக மெருகேற்றி அதன் விளிம்புகள் மழுங்கியிருந்தாலும் மதிப்பு குறையும். ஆதலால், விற்கும்முன் மெருகேற்றாதீர்கள். பெட்டியும் ரசீதும் இருந்தால் நல்லது.

ஒப்பிடும்போது, விற்பவர் கேட்கும் விலையை அல்லாமல், அதே மாதிரி எண்ணுள்ள கடிகாரங்கள் அதே நிலையில், அண்மையில் ஏலத்தில் உண்மையாகவே விற்ற விலைகளைப் பாருங்கள். அவற்றில் ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்திருக்கலாம் என்பதால், உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.