உப்புக் காற்றில் ஒரு வீடு: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் அரசு வீட்டுத் திட்டங்களுக்கு ஓவர்சியராக 26 ஆண்டுகள் அலைந்தவன் நான். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அரசு உதவியில் வீடு கட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம், கருவாடு வியாபாரம்: ஐயா, கனவு இல்லம் திட்டத்தில் எவ்வளவு தருகிறார்கள்? நாங்கள் வாடகைக் குடிசையில் இருக்கிறோம்.

கலைஞரின் கனவு இல்லம் 2024இல் வந்தது. வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. குடிசையில் குடியிருக்க வேண்டும், இடம் சொந்தமாக இருக்க வேண்டும். வாடகைக் குடிசைக்குக் கிடையாது அம்மா. முதலில் வீட்டுமனைப் பட்டாவுக்குத் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். பட்டா கைக்கு வரும் முன் வட்டிக்கு வாங்கி அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), எங்களுக்கும் அந்த 3.50 லட்சம் உண்டா?

அது ஊராட்சிகளுக்கான திட்டம். கீழக்கரை நகராட்சி. நகராட்சி அலுவலகத்தில் நகர்ப்புற வீட்டுத் திட்டம் பற்றிக் கேளுங்கள் தம்பி.

பாம்பன்: அண்ணே, வீடு கிடைப்பவர்கள் பட்டியலில் என் பெயர் எப்போது வரும்?

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்தான் தெரியும்.

தொண்டிப் பக்கம், மீனவர்: கடல் புறம்போக்கில் 40 வருடமாக இருக்கிறோம். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் இருக்கிறது. பட்டா மட்டும் தர மறுக்கிறார்கள்.

ரசீதும் பில்லும் நீங்கள் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி. பத்திரமாக வையுங்கள். ஆனால் அவை பட்டா ஆகாது. இடம் கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பதுதான் இதில் முக்கியம். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது கிராமப்புறக் கரைக்கான பொதுவான விதி. ஆனால் மீனவர் போன்ற பாரம்பரியக் கடற்கரை மக்களின் வீடுகளுக்கு, 100 முதல் 200 மீட்டருக்குள் அனுமதி தரலாம் என்று மத்திய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு, 2019 அறிவிக்கை அந்தத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. 'கடற்கரை, அதனால் முடியாது' என்று யாராவது வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள். எந்த விதிப்படி முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை, திரும்பவும் சொல்கிறேன், கடன் வாங்கிக் கல் வைக்காதீர்கள்.

ஏர்வாடி: அரசு உதவியில் கட்டிய வீடு, 12 வருடம்தான் ஆகிறது. கூரை பெயர்ந்து விழுகிறது. பூசிவிட்டால் போதுமா?

போதாது தம்பி. உப்பு கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். மேலே பூசினால் விழுவது கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பொறியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்த இடத்துக்குக் கீழே படுக்கவிடாதீர்கள்.

தேவிபட்டினம்: இதற்குத்தான் சொல்கிறேன், பனங்கையும் ஓலையும் போட்ட குடிசையே மேல். வெயிலுக்குக் குளிர்ச்சி, செலவும் குறைவு. அரசு ஏன் காங்கிரீட்டைத் திணிக்கிறது?

சாயல்குடி, கொத்தனார்: ஓலை ஒரு தீப்பொறிக்குத் தாங்குமா? 1964 புயலில் தனுஷ்கோடியே போனது. குறை காங்கிரீட்டில் இல்லை. கடல் மணலில் கட்டச் சொல்லும் வீட்டுக்காரரிடம்தான்.

குளிர்ச்சி பற்றித் தேவிபட்டினத்துக்காரர் சொல்வது உண்மை. தீயும் காற்றும் பற்றிக் கொத்தனார் சொல்வதும் உண்மை. ஆனால் வீட்டுக்காரர் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது. ஐஎஸ் 456 என்ற தர விதியை எடுத்துப் பாருங்கள். கடற்கரைக் காற்று படும் காங்கிரீட்டுக்கு எம்30 என்ற வலுவான தரம், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் காங்கிரீட் (இதைத்தான் கவர் என்போம்) வேண்டும் என்கிறது. கடலுக்குத் தள்ளி உப்புக் காற்று படாத ஊரில் அதைவிடக் குறைந்த எம்20 தரமும் 20 மில்லிமீட்டர் கவரும் போதும். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் கிணறு பலவும் வாயில் வைத்தாலே கரிக்கும். நல்ல தண்ணீரை வண்டியில்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பணம் யார் தருகிறார்கள்? பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம். மலையில் செலவு கூடும் என்று ஒத்துக்கொண்டவர்கள், உப்புக் காற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. கடலுக்குத் தள்ளி இருக்கும் பரமக்குடிப் பக்கம் கட்டுகிறவருக்கும் கடலோர மூக்கையூரில் கட்டுகிறவருக்கும் ஒரே தொகை. மூக்கையூர்க்காரர் பணம் தீர்ந்துபோய்த்தான் வாசலில் கிடக்கும் மணலை அள்ளுகிறார். கடலோரத்துக்குத் தனித் தொகை வேண்டும். பணியில் இருந்தபோதே ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சாயல்குடி, அதே கொத்தனார்: தொகையைக் கூட்டினாலும், கம்பிக்கு அந்த இடைவெளி விட அடியில் கவர் பிளாக் கட்டைகளை வைக்க மேஸ்திரிகளுக்குப் பொறுமை இல்லையே?

அதுவும் சரி. கம்பி கட்டி முடித்த அன்று, காங்கிரீட் போடும் முன் ஒருவர் வந்து அளந்து பார்க்க வேண்டும். முடிந்த கூரையைப் படம் எடுத்து என்ன தெரியப் போகிறது?

மண்டபம்: பட்டியலில் பெயர் எப்போது வரும்?

மேலே பாம்பன்காரருக்குச் சொன்னேன். மண்டபம் பேரூராட்சிக்குள் என்றால் பேரூராட்சி அலுவலகம். தயவுசெய்து இதையே இனிக் கேட்காதீர்கள்.

பாம்பன், பாசி எடுக்கும் பெண்: அண்ணே, பட்டா இருக்கிறது, வேலை உத்தரவும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். எப்போது தொடங்கலாம்?

தங்கச்சி, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது அவர் கரையில் இருப்பார். மண் சுமக்க, தண்ணீர் ஊற்ற வீட்டு ஆளே இருந்தால் கூலி மிச்சம். அஸ்திவாரத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. அரசுப் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். கடலோரத்துக்கான உத்தரவுகளை ஜனவரியிலேயே கொடுத்தால் எத்தனையோ குடும்பம் கடன் வாங்காமல் கட்டி முடிக்கும். கூரை போடும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரித்தால் கலவை போட விடாதீர்கள்.